அத்தியாயம் 9: கம்பளி ஆட்டுத்தோல் – துவைக்க அரை மணி, காய மூன்று நாள்

ஜொகூரின் பெக்கோக் கடைவீதியில் கம்பளி ஆட்டுத்தோல் கிடைக்காது. ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகள் பெட்டியில் சுருட்டிக் கொண்டுவந்து தந்ததாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தபின் அது தாத்தாவின் சாய்வு நாற்காலியில் கிடக்கும், பூஜை அறையில் ஆசனமாகும், படுத்த படுக்கையாக இருப்பவரின் முதுகுக்குக் கீழே போகும். ஆறு மாதத்தில் ஒரு வாடை வரும். அப்போதுதான் இதை எப்படித் துவைப்பது என்ற கேள்வி எழும்.

தோலோடு வந்த லேபிளில் பதில் இருக்கும். ஆனால் அது காற்று உலர்ந்திருக்கும் ஊருக்காக எழுதிய பதில். மலேசியாவில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 70 முதல் 90 விழுக்காடு. பெக்கோக்கைச் சுற்றிச் செம்பனையும் ரப்பரும்; அதற்கப்பால் எண்டாவ் ரொம்பின் காடு. காலையில் பத்து மணி வரைக்கும் புல்லில் பனி நிற்கிற இடம். இங்கே துவைப்பது சுலபம், காயவைப்பதுதான் வேலை. கெட்டுப்போகிற தோல்களில் பெரும்பாலானவை தண்ணீர் பட்டதால் கெடுவதில்லை, ஈரம் போகாததால்தான் கெடுகின்றன. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்து எழுதியது.

முதலில் தோலை அடையாளம் காணுங்கள்

கம்பளித் தோலில் இரண்டு பொருள்கள் ஒட்டியிருக்கின்றன. மேலே ரோமம், அதாவது கெராட்டின் என்ற புரதம். கீழே தோல், அதாவது கொலாஜன் என்ற புரதம். ரோமத்துக்குக் காரமும் சூடும் ஆகாது. தோல் எதைத் தாங்கும் என்பது அதை எதைக் கொண்டு பதனிட்டார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் தண்ணீரைத் தொடுமுன் தோலை ஜன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்துப் போட்டு, வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்.

ஓரம் சாம்பல் கலந்த நீலமாக இருந்தால் அது குரோம் உப்பால் பதனிட்டது. ஈரத்தில் 100 டிகிரி செல்சியஸ் வரை சுருங்காமல் நிற்கக்கூடிய தோல் இது. வீட்டில் துவைக்கலாம்.

வெளிர் மஞ்சளோ பாலாடை நிறமோ இருந்து, தொட்டால் மெத்தென்று இருந்தால் பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடால் பதனிட்டது. மருத்துவமனைகளுக்கென்று செய்யும் தோல்கள் பெரும்பாலும் இந்த வகை. இதையும் துவைக்கலாம்.

பளிச்சென்ற வெள்ளையாக இருந்தால் எச்சரிக்கை தேவை. படிகாரம் போட்டுப் பதனிட்டதாக இருக்கலாம். படிகாரம் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். காய்ந்தபின் தோல் அட்டை போல விறைத்துவிடும். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுநாள் தொட்டுப் பாருங்கள். அந்த இடம் மட்டும் கருத்து, இறுகியிருந்தால் இந்தத் தோலை ஒருநாளும் நனைக்கக் கூடாது.

ஓரம் பழுப்பாக இருந்தால் மரப்பட்டையால் பதனிட்டது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய தொழில். ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பக்கம் இதை நம்பியே தலைமுறைகள் பிழைத்தன. சென்னை அடையாற்றில் 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்ததற்கும் அந்தத் தொழிலின் வளமே பின்னணி. பட்டைத்தோல் உறுதியானது, ஆனால் சூடான தண்ணீரில் சுருங்கும். இரும்பு பட்டால் அதிலுள்ள துவர்ப்பு கருநீலமாக மாறிவிடும். பழைய மைக்கூட்டில் இருந்த மை உருவானதும் இதே முறையில்தான். துருப்பிடித்த கொடிக்கம்பியில் இதைப் போட்டால் விழுகிற கறுப்புக் கோடு போகவே போகாது. இந்த வகையை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லேபிளில் உள்ள குறிகளையும் பாருங்கள். தொட்டிக்குள் கை இருந்தால் கைச்சலவை. தொட்டியின் மேல் குறுக்குக்கோடு இருந்தால் தண்ணீரே ஆகாது. வட்டத்துக்குள் P அல்லது F என்ற எழுத்து இருந்தால் உலர்சலவை. அதற்குத் தோல் சாமான்களில் பழக்கமுள்ள கடையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

வாரத்துக்கு ஒரு முறை

ஒழுங்காகத் தட்டி, சீவி, காற்றாட வைத்தால் வருடத்துக்கு ஒரு சலவையே போதும். ரோமம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, தொட்டால் ஈரமாகத் தெரியாமலேயே, உள்ளே வைத்துக்கொள்ளும். வியர்வையும் அப்படித்தான் உள்ளே போகிறது. அதை வெளியேற்றக் காற்று வேண்டும், தண்ணீர் வேண்டியதில்லை.

வாரம் ஒரு நாள், வெயில் ஏறி ஈரம் குறைந்த நேரத்தில், அஞ்சடியிலோ கார் நிறுத்தும் கூரைக்குக் கீழேயோ தோலை எடுத்துப் போய் உதறுங்கள். ரோமத்தைக் கீழ்நோக்கிப் பிடித்து, பின்புறத்தை உள்ளங்கையால் தட்டினால் மணலும் தூசியும் கொட்டும். பிறகு நாய்க்குச் சீவும் கம்பிச் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி அடிவரை வாருங்கள். அடியிலிருந்து இழுத்தால் ரோமம் பிய்ந்து வரும். முடிந்ததும் நிழலில், காற்றோட்டத்தில் இரண்டு மணி நேரம் கிடக்கட்டும்.

கறைகள்

எந்தக் கறையானாலும் முதல் வேலை ஒத்தி எடுப்பது. தேய்த்தால் கறை அடிவரை இறங்கும், ரோமமும் திரிந்துவிடும்.

தேத்தாரே, மைலோ: பாலும் சீனியும் உள்ளதால் எறும்பும் பூஞ்சையும் தேடி வரும். உடனே ஒத்தி எடுத்து, பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காத்தாடிக்குக் கீழே வையுங்கள்.

இரத்தம்: பச்சைத் தண்ணீர் மட்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை உறைந்து ரோமத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

விளக்கெண்ணெய், நல்லெண்ணெய்: சோள மாவை அள்ளிப் போட்டு இரவு முழுக்க விட்டு, காலையில் தட்டிச் சீவுங்கள். ஒரு தடவையில் போகாவிட்டால் மறுபடியும் மாவு.

திருநீறு: ஈரத்தோடு தொடவே கூடாது. காய்ந்த நிலையில் தட்டினால் முழுக்கப் போய்விடும்.

மஞ்சள்: ரோமத்துக்கு மஞ்சள் ஒரு சாயம், பிடித்துக்கொள்ளும். ஆனால் மஞ்சளின் நிறம் வெயிலில் வெளிறும். துடைத்த பின், கறை உள்ள இடத்தை மட்டும் வெளியே விட்டு மீதியைத் துணியால் மூடி, காலை வெயிலில் சில நாள் காட்டுங்கள். தோல் முழுவதையும் வெயிலில் போட்டால் ரோமமே மஞ்சளாகிவிடும்.

குங்குமம்: முதலில் தூளைத் தட்டிவிடுங்கள். ஈரம் பட்டால் சாயம் பரவும். மிச்சத்தைச் சலவையின்போது பார்த்துக்கொள்ளலாம்.

சலவைக்கு நாள் பார்ப்பது

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில், குறிப்பாக ஜனவரி முடியும்வரை, கம்பளித் தோலைத் துவைக்க நினைக்காதீர்கள். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் காலை நன்றாக இருக்கும், மத்தியானம் இடியோடு மழை பிடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், ஒப்பிட்டால் உலர்ந்தது. வருடத்துக்கு ஒரு முறைதான் துவைப்பதென்றால் அதற்கான மாதங்கள் இவைதான். அதிலும் அடுத்தடுத்து மூன்று நாள் யாராவது வீட்டில் இருக்கிற வாரமாகப் பாருங்கள்.

துவைக்கும் முறை

வேண்டியவை: அகலமான பேசின், கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பு, வெள்ளை வினிகர், தடித்த துவாலைகள் மூன்று.

சோப்பில்தான் பலர் தவறு செய்கிறார்கள். சாதாரணச் சலவைத்தூள் காரத்தன்மை கொண்டது. அதோடு, பல தூள்களிலும் திரவங்களிலும் கறையைத் தின்ன என்சைம் சேர்த்திருப்பார்கள். புரதக் கறையைத் தின்கிற என்சைமுக்கு ரோமமும் புரதம்தான். புட்டியின் பின்புறம் கம்பளி, பட்டு என்று குறிப்பிட்டிருக்க வேண்டும், என்சைம் இருக்கக் கூடாது. அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் குழந்தை ஷாம்பு போதும். குளோரின் சேர்ந்த வெளுப்பான் ரோமத்தைக் கரைத்தே விடும். அதை அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

1. காலை எட்டு மணிக்குள் தொடங்குங்கள். முதலில் தட்டி, சீவி, சிக்கெடுங்கள். சிக்கோடு நனைத்தால் அது கட்டியாகிவிடும்.

2. குழாய்த் தண்ணீர் போதும், சூடாக்க வேண்டாம். வெயிலில் கிடக்கும் குழாயிலிருந்து முதலில் வருகிற சுடுதண்ணீரை விட்டுவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரில் செம்மண் நிறம் தெரிந்தால் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளை ரோமத்தில் பழுப்பு ஏறும்.

3. பத்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோப்பைக் கரைத்த பிறகே தோலை, ரோமம் கீழே இருக்கும்படி இறக்குங்கள்.

4. உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விடுங்கள். தேய்க்கவோ கசக்கவோ முறுக்கவோ கூடாது. ரோமத்தின் மேல் செதில்கள் இருக்கின்றன. சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு இறுகிவிடும். அப்படி இறுகிய கம்பளியை எந்தச் சீப்பாலும் மீட்க முடியாது.

5. பத்து நிமிடத்துக்குமேல் தண்ணீரில் விடாதீர்கள்.

6. தூக்கும்போது இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். நனைந்த தோல் பல மடங்கு கனக்கும். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கிழியும்.

7. நுரை போகும்வரை அலசுங்கள். அலசும் தண்ணீரும் முதல் தண்ணீரின் சூட்டிலேயே இருக்கட்டும். கடைசி அலசலில் பத்து லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விடுங்கள். மிச்சமிருக்கும் காரம் போகும், ரோமமும் மிருதுவாகும். வினிகர் வாடை காயும்போது தானே போய்விடும்.

லேபிள் அனுமதித்தால் மட்டும் சலவை எந்திரம், அதிலும் கம்பளிக்கான மென்சுற்று. எந்திரத்தைத் தண்ணீர் பிழிவதற்கு மட்டும் பயன்படுத்துவது இன்னும் நல்லது. குறைந்த வேகத்தில் இரண்டு நிமிடச் சுழற்சி, கையால் மணிக்கணக்கில் செய்கிற வேலையை முடித்துவிடும்.

காயவைப்பது

சுயசேவை டோபி கடைகளில் உள்ள சூட்டு உலர்த்தியைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். பதனிடாத தோலின் கொலாஜன் ஈரத்தில் 60 முதல் 65 டிகிரியிலேயே சுருங்கத் தொடங்கும். பதனிட்ட தோலுக்கு வரம்பு அதிகம்தான், ஆனால் பட்டையால் பதனிட்டதா, பழைய தோலா என்பதைப் பொறுத்து அது இறங்கும். சுருங்கிய தோல் மறுபடி விரியாது. நண்பகல் வெயிலில் தகரக் கூரைமேல் போடுவதும் அதே கதைதான்.

முதல் மணி நேரம்: தோலைத் துவாலைமேல் விரித்து, மேலே இன்னொரு துவாலை போட்டுச் சுருட்டி, அதன்மேல் ஏறி மெதுவாக மிதியுங்கள். துவாலை நனைந்ததும் மாற்றுங்கள். இப்படி வெளியேறும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும் காத்தாடியின் வேலையைக் குறைக்கும்.

முதல் நாள்: கையால் இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, துணி காயவைக்கும் சட்டகத்தின்மேல் ரோமம் மேலே இருக்கும்படி கிடத்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் கனத்தில் நீண்டுவிடும். அடியிலும் காற்றுப் போக வேண்டும். நிழலில், காத்தாடி நேராகப் படும்படி வையுங்கள். சாயங்காலம் உள்ளே எடுத்துவந்து இரவு முழுக்கக் காத்தாடியை ஓடவிடுங்கள். குளிரூட்டி இருக்கும் வீட்டில் அதை ஈரம் நீக்கும் நிலையில் ஓடவிட்டால் இன்னும் வேகமாகக் காயும்.

இரண்டாம் நாள்: கவனிக்க வேண்டிய நேரம் இதுதான். தோலின் பின்புறம் குளிர்ச்சியாக, ஆனால் சொதசொதப்பில்லாமல் இருக்கும்போது இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுங்கள். இழுக்கும் இடத்தில் கருத்திருந்த தோல் வெளுத்து வருவது தெரியும். உள்ளே ஒட்டிக்கிடந்த நார்கள் பிரிகின்றன என்பதன் அடையாளம் அது. ஓரத்திலிருந்து நடுவரை ஒவ்வொரு கையளவாக இதைச் செய்து முடிக்க இருபது நிமிடம் ஆகும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் குரோம் தோல்கூட விறைப்பாகத்தான் காயும்.

மூன்றாம் நாள்: ரோமம் காய்ந்ததுபோல் தோன்றும், அடியில் ஈரம் இருக்கும். ரோமத்தைப் பிரித்து, அடித்தோலைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் காயவில்லை. முழுக்கக் காய்ந்ததும் சீவுங்கள். தட்டையாகக் கிடந்த ரோமம் எழும்பி நிற்கும். பின்புறம் வறண்டிருந்தால் லானோலின் சேர்ந்த தோல் களிம்பைப் பூவாய்த் தடவலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் அது உருகி ரோமத்தில் ஏறி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பூஞ்சை, பூச்சி, பத்திரப்படுத்தல்

பின்புறத்தில் வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் பூஞ்சை. முகக்கவசம் போட்டு, வெளியே எடுத்துப் போய்ப் பிரஷால் தட்டுங்கள். எழுபது விழுக்காடு ஆல்கஹாலைத் துணியில் தொட்டு, சாயம் போகிறதா என்று ஓரத்தில் பார்த்துவிட்டு, பின்புறத்தைத் துடைத்து உலரவிடுங்கள். ரோமம் கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தால் தோலே அழுகத் தொடங்கிவிட்டது; அதைக் காப்பாற்ற முடியாது.

கம்பளியைத் தின்கிற அந்துப்பூச்சியும் வண்டும் இருட்டில், அசையாமல் கிடக்கும் தோலில்தான் குடியேறும். சந்தேகம் வந்தால் காய்ந்த தோலைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் பை அறைச் சூட்டுக்கு வரும்வரை பிரிக்காதீர்கள்; பிரித்தால் ஈரம் படியும்.

நாப்தலீன் உருண்டையும் சூடமும் போடுகிற பழக்கத்தைக் குழந்தை இருக்கும் வீட்டில் விட்டுவிடுங்கள். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடுள்ள குழந்தைக்கு இவற்றின் ஆவி இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். மலேசிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

எடுத்து வைக்கும்போது மடிக்காமல், ரோமம் வெளிப்பக்கம் வரச் சுருட்டி, பழைய வேட்டியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக்கில் கட்டிவைத்தால் உள்ளே வியர்த்துவிடும். சிமெண்டுத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலும் வைக்காதீர்கள். மாதம் ஒரு தடவை பிரித்துக் காற்றாட விடுங்கள்.

நோயாளிக்கும் குழந்தைக்கும்

படுக்கைப்புண் வராமலிருக்கக் கம்பளித் தோல் உதவும் என்பது வெறும் நம்பிக்கையல்ல. மெல்பர்னில் 441 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2004-ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வந்தது. தோல்மேல் படுத்தவர்களில் 9.6 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 16.6 விழுக்காட்டினருக்கும் புண் வந்தது. ஆனால் அதில் பயன்படுத்தியது சிறுநீரையும் சூடான சலவையையும் தாங்கும்படி தயாரித்த மருத்துவத் தோல். அலங்காரத்துக்கு வாங்கிய விரிப்பை அப்படி அடிக்கடி அலச முடியாது. நோயாளிக்கென்றால் மருத்துவத் தோலாக, அதுவும் இரண்டாக வாங்குங்கள். ஒன்று காய்கிற மூன்று நாளும் இன்னொன்று படுக்கையில் இருக்கட்டும். தோல் இருப்பதால் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்திவிடக் கூடாது.

கைக்குழந்தையை இதன்மேல் தூங்க வைக்காதீர்கள். ரோமத்தில் முகம் புதைந்தால் மூச்சுத் திணறும். விழித்திருக்கும்போது, பக்கத்தில் பெரியவர் இருக்கும்போது விளையாட விடலாம்.

இந்த முறை பொருந்தாதவை

கோயிலில் கிடா வெட்டியபின் கிடைக்கிற தோல் பச்சைத்தோல். அதைச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்தால் விரிப்பாகாது, அழுகும். பதனிடத் தெரிந்தவரிடம் போகும்வரை சதைப்பக்கம் முழுக்க உப்பை அப்பி வையுங்கள்.

தப்பு, உறுமித் தோல்களைத் தண்ணீரில் அலசக் கூடாது. காற்றின் ஈரத்துக்கே அவை தளர்ந்துவிடும். அடிக்குமுன் தப்பைத் தீயில் காட்டுவது அந்த ஈரத்தை விரட்டத்தான். காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

வெள்ளத்தில் மூழ்கிய தோலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். 2006 கடைசியிலும் 2023 மார்ச்சிலும் ஜொகூரில் வந்ததுபோன்ற வெள்ளத்தில் சாக்கடையும் எலிச்சிறுநீரும் கலந்திருக்கும். அந்தத் தண்ணீர் ரோமத்தின் அடிவரை போன பிறகு வீட்டுச் சலவையால் அதைச் சுத்தம் செய்ய முடியாது.

கடைசியாக ஒன்று. மூன்று நாள் ஒதுக்க முடியாத வாரத்தில் கம்பளித் தோலைத் துவைக்காதீர்கள். தட்டிச் சீவிக் காற்றாட விட்ட அழுக்குத் தோல் பல வருடம் உழைக்கும். துவைத்து, அரைகுறையாகக் காயவைத்து, அலமாரியில் வைத்த தோல் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது.